115 துண்டு செட்டா, மல்டிமீட்டரா? வீட்டில் கம்ப்யூட்டர் நோண்டுபவருக்கு முதல் ஐயாயிரம்

கேள்விக்குறி
9 மார்ச் 2024, இரவு 10:12

வீட்ல டெஸ்க்டாப் ரெண்டு, பழைய லேப்டாப் ஒண்ணு. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடணும், தூசி தட்டி, சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கிற பேஸ்ட் மாத்தணும், ஹால்ல இருந்து மாடிக்கு லேன் இழுக்கணும். ஒரு டெஸ்க்டாப் ஆன் ஆகவே மாட்டேங்குது, அதையும் பார்க்கணும். பட்ஜெட் 5000. 115 துண்டு ஸ்க்ரூட்ரைவர் செட் ஒண்ணு, மிச்சத்துக்கு சால்டரிங் ஸ்டேஷன். இந்த ரெண்டும் இருந்தா அடிப்படை முடிஞ்சுதுன்னு நினைக்கிறேன். சரிதானே?

ஓம்விதி
9 மார்ச் 2024, இரவு 10:50

சரியில்லை. நீங்கள் சொன்ன வேலைகளில் ஒன்றுக்குக்கூட சால்டரிங் தேவையில்லை. 115 துண்டில் உங்கள் கைக்கு வரப்போவது ஆறேழுதான்.

டெஸ்க்டாப்பில் முக்கால்வாசி வேலை பிஎச்2, அதாவது கூட்டல்குறி வடிவ பிலிப்ஸ் முனையில் 2-ஆம் அளவு. தனி ஸ்க்ரூட்ரைவராக, தண்டு 150 மி.மீ. நீளத்தில், நுனி காந்தமாக வாங்குங்கள். மதர்போர்டின் மூலை ஸ்க்ரூவுக்கு கூலரைத் தாண்டி இறங்க அந்த நீளம் வேண்டும். எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் மெல்லிய வகை) ஸ்க்ரூவுக்கு பிஎச்1 அல்லது பிஎச்0. லேப்டாப் அடிமூடிக்குப் பெரும்பாலும் பிஎச்0, சிலவற்றில் டார்க்ஸ் டி5. மேக்புக் என்றால் பென்டலோப் (ஐந்து இதழ் முனை) பி5. அவ்வளவுதான்.

கடையில் கேட்கும்போது ஒன்று. நம் ஊரில் 'ஸ்டார்' என்றால் பிலிப்ஸ். சென்னை ரிச்சி தெருவில் போய் "சின்ன ஸ்டார்" என்றால் பிலிப்ஸைத்தான் தருவார்கள். ஆறு முனை நட்சத்திரம் வேண்டுமென்றால் 'டார்க்ஸ்' என்றே கேளுங்கள்.

செட்டில் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பிட்டின் எஃகைப் பாருங்கள். மெத்தென்ற எஃகு என்றால் நாலு இறுக்கமான ஸ்க்ரூவிலேயே முனை உருண்டுவிடும். உருண்ட முனை அடுத்த ஸ்க்ரூவின் தலையையும் சேர்த்து மழுக்கும். சோதிக்க எளிய வழி: ஸ்க்ரூவில் பிட்டைச் செங்குத்தாக வைத்து லேசாக அசைத்துப் பாருங்கள். சரியான அளவு என்றால் ஆட்டம் இருக்காது. ஆடினால் ஒரு அளவு பெரியதைப் போடுங்கள். ஸ்க்ரூ கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்ன பிட்டைப் போட்டுப் பலமாகத் திருப்புவதுதான்.

மரைகழண்டவன்
9 மார்ச் 2024, இரவு 11:05

செட்ல இன்னொரு வில்லங்கம் இருக்கு. பிட் 4 மி.மீ., ஆனா அதைப் பிடிக்கிற கழுத்து தடிமன். லேப்டாப்ல ஆழமான குழிக்குள்ள ஸ்க்ரூ இருந்தா கழுத்து வாசல்லயே நின்னுடும். மெலிஞ்ச தண்டு எக்ஸ்டென்ஷன் இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

அப்புறம் கழட்டின ஸ்க்ரூவை எல்லாம் ஒரே கிண்ணத்துல போடாதீங்க. லேப்டாப்ல எட்டு ஸ்க்ரூ ஒரே மாதிரி இருக்கும், ரெண்டு மட்டும் 2 மி.மீ. நீளம் அதிகம். நீளமானதை முன்பக்கத்துல முடுக்கினா கீபோர்டு பக்கம் மேல முட்டிக்கிட்டு வரும். ஒரு அட்டையில லேப்டாப் மாதிரி கட்டம் வரைஞ்சு, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்துல குத்தி வைங்க. இதுக்குக் காசே வேண்டாம். என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீங்க, அறிவுரை நல்ல அறிவுரை.

ஓம்விதி
10 மார்ச் 2024, காலை 6:40

நேற்று விட்டது. டெஸ்க்டாப்பில் இரண்டு வகை ஸ்க்ரூ கலந்திருக்கும். 6-32 தடித்தது, மரை அகலம்: கேபினெட், பவர் சப்ளை, 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க். எம்3 மெலிந்தது, மரை நெருக்கம்: 2.5 அங்குல எஸ்எஸ்டி, டிவிடி டிரைவ். எம்3-ஐ 6-32 துளையில் போட்டால் பிடிமானம் இல்லாமல் ஆடும், அதில் பெரிய நஷ்டமில்லை. 6-32-ஐ எஸ்எஸ்டியில் பலவந்தமாகத் திருகினால் மரை போய்விடும். முதல் இரண்டு சுற்றை விரலால் திருப்பிப் பாருங்கள். விரலுக்கு மறுத்தால் அது தவறான ஸ்க்ரூ.

எம்.2 எஸ்எஸ்டிக்கான ஸ்க்ரூ எம்2 அளவு (2 மி.மீ. விட்டம்), குட்டி. மதர்போர்டுப் பெட்டியில் வரும், அங்கேயே தொலையும். எஸ்எஸ்டி வாங்கும்போதே நாலைந்து சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கேள்விக்குறி
10 மார்ச் 2024, காலை 8:15

காந்த ஸ்க்ரூட்ரைவர் எஸ்எஸ்டியை அழிச்சிடாதா?

ஓம்விதி
10 மார்ச் 2024, காலை 8:21

அழிக்காது. எஸ்எஸ்டியில் தகவல் காந்தமாக இல்லை. காந்தத்தால் எழுதும் ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளேயே உங்கள் ஸ்க்ரூட்ரைவரைவிடப் பலமடங்கு வலுவான நியோடிமியம் காந்தம் உட்கார்ந்திருக்கிறது.

ஓம்விதி
10 மார்ச் 2024, பிற்பகல் 2:30

ஆன் ஆகாத டெஸ்க்டாப்புக்கு வருகிறேன். அதற்காகத்தான் வோல்ட், ஓம் அளக்கும் மல்டிமீட்டரை வாங்கும் பட்டியலில் முதலில் வைக்கிறேன். எது கெட்டது என்று தெரியாமல் ஸ்க்ரூட்ரைவரை எடுத்தால், நல்லதையும் கழற்றிக் கெடுப்போம். 200, 300 ரூபாய்க்கு வரும் மஞ்சள் மீட்டரே இதற்குப் போதும்.

பவர் சப்ளையைச் சோதிக்க: மதர்போர்டிலிருந்து 24 முனை கனெக்டரையும் சிபியு கனெக்டரையும் கழற்றுங்கள். மின் இணைப்பு கொடுத்து, பின்பக்க சுவிட்சை ஆன் செய்யுங்கள். ஊதா ஒயரில் இப்போதே 5 வோல்ட் இருக்க வேண்டும். இதுதான் ஸ்டேண்ட்பை. அதுவே இல்லையென்றால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை, பவர் சப்ளை போய்விட்டது. இருந்தால் சுவிட்சை அணைத்து, பச்சை ஒயர் முனையையும் ஏதாவது ஒரு கறுப்பு முனையையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, மறுபடி ஆன். மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் வரை சரி. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை லோடாக மாட்டிவிட்டு அளப்பது நல்லது.

அப்படியே மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியையும் அளந்துவிடுங்கள். புதியது 3.2 வோல்ட் பக்கம் காட்டும். 2.8-க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். தேதியும் நேரமும் பின்னால் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஈயம்பற்றவைப்பு
10 மார்ச் 2024, மாலை 5:02

இரண்டு குறை.

ஒன்று, இப்போது வரும் பவர் சப்ளை பலவற்றில் ஒயர் எல்லாமே கறுப்பு. பச்சையை எங்கே தேடுவார்? கனெக்டரில் கொக்கி இருக்கும் வரிசையைப் பாருங்கள். அதில் ஒரு துளை மட்டும் காலியாக இருக்கும். அது 20-ஆம் முனை. அதற்கு ஒரு பக்கம் நான்கு முனை, மறுபக்கம் ஏழு. ஏழு இருக்கும் பக்கமாக நான்கு எண்ணினால் 16. அதுதான் பச்சை. 16-ஐயும் பக்கத்து 17-ஐயும் இணைத்தால் போதும். பழைய 20 முனை கனெக்டர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அதில் பச்சை 14-ஆவது, ஆனால் அந்தக் காலத்து ஒயரில் நிறமே இருக்கும்.

இரண்டு, ஃபேன் சுற்றவில்லை என்பதால் செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். லோடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வைக்கும் மாடல்கள் உண்டு. மீட்டரை நம்புங்கள்.

அளவு சரியாகக் காட்டினாலும் பவர் சப்ளை நல்லது என்று அர்த்தமில்லை. கிராபிக்ஸ் கார்டு இழுக்கும்போது சரிகிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

ஓம்விதி
10 மார்ச் 2024, இரவு 9:18

ஒத்துக்கொள்கிறேன். மஞ்சள் மீட்டர் "போதும்" என்று எழுதியதையும் திருத்துகிறேன். பவர் சப்ளையின் வெளிப்பக்கத்துக்கு, பேட்டரிக்கு, ஒயர் தொடர்ச்சி பார்க்கத்தான் போதும். சுவர் பிளக்கில் வைக்க வேண்டாம். அந்த மீட்டரில் 10 ஆம்பியர் துளைக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. சிவப்பு ஒயரை மறந்து அந்தத் துளையிலேயே விட்டுவிட்டு 230 வோல்ட்டைத் தொட்டால் அது அளவெடுப்பு அல்ல, நேரடி ஷார்ட். ஒயரின் உறையும் மெலிது. சுவர் பக்கமும் அளக்கப் போகிறீர்கள் என்றால் கேட் 3 (CAT III) பாதுகாப்புத் தரம் குறித்த, இரண்டு துளைக்கும் ஃபியூஸ் உள்ள மீட்டர் வாங்குங்கள். ஐயாயிரத்தில் பெரிய பங்கை இதற்கு ஒதுக்கினால் தப்பில்லை.

கேள்விக்குறி
11 மார்ச் 2024, இரவு 7:44

சுவர் பக்கம்னதும் ஞாபகம் வந்துச்சு. ஓடுற டெஸ்க்டாப்போட கேபினெட்டைப் புறங்கையால தடவினா விர்ர்னு இருக்கு. செருப்பு போட்டா தெரியல. பவர் சப்ளையை மாத்தணுமா?

ஓம்விதி
11 மார்ச் 2024, இரவு 8:30

மாற்ற வேண்டாம். உங்கள் வீட்டு எர்த்தைப் பாருங்கள். இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள்.

பவர் சப்ளையின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து கேபினெட்டுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து கேபினெட்டுக்கு. எர்த் இருந்தால் அதன் வழியாக வரும் சொற்ப கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் நடுவில் தொங்கும். 230-இல் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் விர்ரென்று மட்டும் இருக்கிறது. ஆளுக்கு ஆபத்து அந்த நேரத்தில் இல்லை. ஆனால் பவர் சப்ளைக்குள் ஃபேஸ் ஒயர் கேபினெட்டில் பட்டால் உங்களைக் காப்பாற்ற எதுவும் இல்லை என்று அர்த்தம். யூஎஸ்பி, எச்டிஎம்ஐ வழியாக டிவியோடு இணைக்கும்போது போர்ட் எரிவதற்கும் இது ஒரு காரணம்.

கேட் 3 மீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து, சுவர் பிளக்கில் அளந்து பாருங்கள். ஃபேஸ்-நியூட்ரல் 230 பக்கம், ஃபேஸ்-எர்த் ஏறக்குறைய அதே, நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். நியூட்ரல்-எர்த் பத்துக்கணக்கில் காட்டினால் எர்த் அறுந்திருக்கிறது, அல்லது குழி காய்ந்திருக்கிறது. கோடையில் எர்த் குழி காய்வது நம் ஊரில் சகஜம். நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

ஈயம்பற்றவைப்பு
11 மார்ச் 2024, இரவு 9:10

அளவு சரியாக வந்தாலும் அத்தோடு நிறுத்தக்கூடாது. டிஜிட்டல் மீட்டர் மின்சாரத்தைக் கிட்டத்தட்ட இழுக்கவே இழுக்காது. துருப்பிடித்து ஒரு இழையில் தொங்கும் எர்த்தும் மீட்டருக்கு 230 காட்டும். லோடு வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பைப் போடுவார். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருந்தால் அது உடனே விழ வேண்டும். விழுந்தால் ஆர்சிசிபி வேலை செய்கிறது, எர்த் இணைப்பும் இருக்கிறது. ஆனால் அது விழச் சொற்ப மின்னோட்டமே போதும் என்பதால், எர்த் உறுதியானது என்று ஆகிவிடாது.

முக்கியமான எச்சரிக்கை: பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து "எர்த் கொடுத்தாச்சு" என்று சிலர் போய்விடுவார்கள். விர்ர் நிற்கும், மீட்டரும் அழகாகக் காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட்டில் முழு 230 வரும். நியூட்ரல்-எர்த் அச்சு அசலாகப் பூஜ்யம் காட்டினால் சந்தேகப்பட்டு, மெயினை அணைத்து, மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மரைகழண்டவன்
11 மார்ச் 2024, இரவு 9:26

சுவர் வரைக்கும் போறதுக்கு முன்னாடி எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாருங்க. மூணு துளை இருக்கும், பலதுல உள்ள ரெண்டு ஒயர்தான் ஓடும். சுவர்ல இருந்து கழட்டி வச்சு, மீட்டரை தொடர்ச்சியில போட்டு, பிளக்கோட தடிச்ச பின்னையும் பாக்ஸ்ல மேல இருக்கிற பெரிய துளையையும் தொடுங்க. பீப் வரணும், ஒரு ஓமுக்குள்ள காட்டணும். இதுக்கு அந்த மஞ்சள் மீட்டரே போதும்.

ஓம்விதி
12 மார்ச் 2024, காலை 6:55

ஆன்டி-ஸ்டேட்டிக் பட்டை (உடம்பில் சேரும் நிலைமின்சாரம் போர்டைத் தாக்காமல் மணிக்கட்டில் கட்டுவது) வாங்கலாமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். வாங்கலாம், விலை குறைவு. ஆனால் அதில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். ஒயர் இல்லாத பட்டை வெறும் அலங்காரம். கிளிப்பைப் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். உங்கள் கையும் கேபினெட்டும் போர்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும், எர்த் அவசியமில்லை. சென்னைப் புழுக்கத்தில் ஸ்டேட்டிக் குறைவுதான், ஏசி அறையில் அப்படி நம்ப முடியாது. மேட் எல்லாம் வேண்டாம்.

ஓம்விதி
12 மார்ச் 2024, இரவு 10:05

தூசியும் பேஸ்டும்.

கேன் காற்று வேண்டாம். அது காற்றே அல்ல, அழுத்தத்தில் திரவமாக்கிய வாயு. பலவும் தீப்பிடிக்கும் வகை. சாய்த்தால் திரவமாகவே பீச்சும். வேகம் குறைக்கக்கூடிய 500 வாட் கை ப்ளோயர் ஒரு தடவைச் செலவு. ஃபேன் இறக்கையை விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொண்டு ஊதுங்கள். விட்டால் கண்டபடி சுற்றி பேரிங் போகும், ஃபேனே மின்சாரம் உண்டாக்கி போர்டுக்கு அனுப்பும்.

பழைய பேஸ்டைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம். மருந்துக்கடையில் கை துடைக்கக் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சம் தண்ணீர். பேஸ்டுக்கு எம்எக்ஸ்-4, என்டி-எச்1 மாதிரி மின்சாரம் கடத்தாதது எதுவானாலும் சரி. நடுவில் பட்டாணி அளவு, கூலரை நேராக வைத்து எதிரெதிர் மூலையாக முடுக்குங்கள். திரவ உலோகத்தின் பக்கம் போகாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும்.

உங்களுடையது ரைசன் 5000 அல்லது அதற்கு முந்தைய ஏஎம்4 (ஏஎம்டியின் சிபியு சாக்கெட் வகை) என்றால் ஒரு அபாயம் உண்டு. காய்ந்த பேஸ்ட் சிபியுவைக் கூலரோடு ஒட்டி வைத்திருக்கும். நேராகத் தூக்கினால் சாக்கெட் பூட்டியிருக்கும்போதே சிபியு பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளையும். முதலில் பத்து நிமிடம் கணினியை ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு அணைத்து, பிளக்கைக் கழற்றி, கூலரை இடவலமாக முறுக்கி, அது தளர்ந்த பிறகு தூக்குங்கள். கால் வளைந்துவிட்டால் உள்ளே கரிக்குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் நுனிக்குள் அந்தக் காலை விட்டு மெதுவாக நிமிர்த்தலாம்.

லேப்டாப்பில் தெர்மல் பேட் (சூடு கடத்தும் மெத்தென்ற துண்டு) இருந்தால் தடிமனை அளந்து அதையே வாங்குங்கள். 1 மி.மீ. இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொள்ளும், சிபியுவில் பேஸ்ட் படியாது. மாற்றிய பிறகு முன்பைவிடச் சூடானால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்விக்குறி
13 மார்ச் 2024, காலை 7:20

லேன் கேபிள் 20 மீட்டர் வேணும். செம்புன்னு சொல்லி அலுமினியம் தர்றாங்கன்னு கேள்விப்பட்டேன். எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஓம்விதி
13 மார்ச் 2024, காலை 7:41

பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். மீட்டராலும் பார்க்கலாம். ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்த்து, மறுமுனையில் ஓம் அளந்து பாருங்கள். 20 மீட்டர் கேபிளில் போய்வர 40 மீட்டர் கம்பி. சுத்தச் செம்பு என்றால் ஏறத்தாழ 3.4 ஓம், அலுமினியம் என்றால் 5-ஐத் தாண்டும். மீட்டர் ஒயர்களைத் தங்களுக்குள் தொட்டால் காட்டும் அளவை முதலில் கழித்துவிடுங்கள்.

கிரிம்பிங்கில் (கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்துவதில்) டி568பி என்ற நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதுவே. எட்டு விளக்கு உள்ள டெஸ்டரைக் கிரிம்பிங் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள். ஜிகாபிட் வராமல் 100-இல் நின்றால் 4, 5, 7, 8 கம்பிகளில் ஒன்று பிடிக்கவில்லை. 100-க்கு 1, 2, 3, 6 போதும் என்பதால் இணைப்பு அறுபடாமல் மெதுவாக மட்டும் ஆகும்.

ஈயம்பற்றவைப்பு
13 மார்ச் 2024, பிற்பகல் 1:15

3.4 என்பது 24 கேஜ் (கம்பித் தடிமன் அளவு) கம்பிக்கு, அதாவது பெரும்பாலான கேட் 5ஈ வகை லேன் கேபிளுக்கு. கேட் 6-இல் 23 கேஜ் என்றால் செம்பு 2.7 பக்கம்தான் வரும். கேட் 6 வாங்கிவிட்டு 4 ஓம் காட்டினால் "5 தாண்டலையே, செம்புதான்" என்று ஏமாறக்கூடாது.

ஓம்விதி
13 மார்ச் 2024, பிற்பகல் 1:22

ஆம். கேபிளின் மேல் அச்சிட்டிருக்கும் கேஜைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

மரைகழண்டவன்
14 மார்ச் 2024, இரவு 8:50

எஸ்எஸ்டிக்கு யாரும் ஒண்ணுமே சொல்லலையே. பழைய டிஸ்க்ல இருந்து குளோன் பண்ண (அப்படியே நகல் எடுக்க) யூஎஸ்பி-சாட்டா ஒயர் வேணும். 2.5 அங்குலத்துக்கு யூஎஸ்பி மின்சாரமே போதும். 3.5-க்கு 12 வோல்ட் அடாப்டரோட வர்றதைத்தான் வாங்கணும். குளோன் பண்றதுக்கு முன்னாடி பழைய டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறிச்சு வைக்கிற ஸ்மார்ட் கணக்கைப் பாருங்க. கெட்டுப்போன இடங்களைச் சொல்ற 05, சி5 ரெண்டு வரியும் பூஜ்யமா இருக்கணும். ஒயர்ல வர்ற பிழையை எண்ணுற சி7 மட்டும் ஏறியிருந்தா டிஸ்க் மேல பழி போடாதீங்க, சாட்டா ஒயரை மாத்துங்க.

ஈயம்பற்றவைப்பு
15 மார்ச் 2024, இரவு 9:33

சால்டரிங் வேண்டவே வேண்டாம் என்று ஆகிவிட்டது, என் பெயருக்காகவாவது நாலு வரி.

25 வாட் சோல்ட்ரான் அயர்ன் ஒயருக்கும் சின்ன போர்டுக்கும் நல்லது. மதர்போர்டு கெபாசிட்டருக்கு ஆகாது. அதன் கிரவுண்ட் கால் போர்டுக்குள் இருக்கும் அகலமான செம்புத் தகட்டோடு சேர்ந்திருக்கும். சூட்டை அது இழுத்துக்கொள்ளும், ஈயம் உருகாது, நாம் அழுத்திப் பிடிப்போம், கால் ஒட்டியிருக்கும் செம்புப் பேட் பெயர்ந்துவிடும். 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் ஏற்கெனவே இருந்தால் அதில் ஓடும் பைன்சில் வகை அயர்ன் நல்ல தேர்வு. இல்லாவிட்டால் சார்ஜர் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நுனி ஊசியாக வேண்டாம், 2.4 மி.மீ. உளி முனைதான் சூட்டைக் கடத்தும். ஈயம் 63/37 (தகரம் 63, காரீயம் 37 சதவீதம்), 0.8 மி.மீ. 183 டிகிரியில் ஒரே வீச்சில் உருகி உறையும். 60/40 கொஞ்ச நேரம் கூழாக நிற்கும், அதற்குள் கை அசைந்தால் ஜாயின்ட் கெட்டது. ஈயம் ஒட்ட உதவும் ப்ளக்ஸ் ரோசின் மட்டும். தகர வேலைக்கு விற்கும் ஆசிட் ப்ளக்ஸ் சில மாதத்தில் போர்டின் செம்புத் தடத்தைத் தின்றுவிடும்.

ஓம்விதி
16 மார்ச் 2024, காலை 7:05

ஆன் ஆகாத டெஸ்க்டாப்பில் பவர் சப்ளை நல்லது என்று வந்து, அடுத்து பயாஸ் சிப் (கணினி தொடங்கும் நிரல் இருக்கும் சிப்) பக்கம் போவீர்கள் என்றால்: அதைப் படித்து எழுதும் சிஎச்341ஏ ப்ரோகிராமர் மலிவு. ஆனால் அதில் கறுப்புப் போர்டு உள்ள பழைய வகை, சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட்டை அனுப்பும். மின்னழுத்தம் மாற்றும் சுவிட்ச் உள்ள வகையை வாங்குங்கள். சிப்பில் டபிள்யூ25கியூ64 என்ற பெயருக்குப் பிறகு எஃப்வி, ஜேவி என்றால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூ என்றால் 1.8 வோல்ட். 1.8-க்குத் தனி அடாப்டர் வேண்டும். எழுதுவதற்கு முன் இரண்டு முறை படித்து இரண்டு கோப்பும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. அந்த நிலையில் அழித்தால் திரும்ப எழுத நம்பகமான நகல் இருக்காது.

இது ஐயாயிரத்துக்குள் வராது. பிறகு பார்க்கலாம்.

கேள்விக்குறி
17 மார்ச் 2024, மாலை 6:18

மீட்டர் வாங்கிட்டேன், பிஎச்2 தனியா வாங்கிட்டேன், சின்ன பிட் செட் 24 துண்டு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழட்டி வச்சு பின்னுக்கும் துளைக்கும் தொட்டேன். பீப் வரல, ஓஎல்னு (தொடர்ச்சியே இல்லன்னு) நிக்குது. பிளக்கைப் பிரிச்சா ரெண்டே ஒயர்.

மரைகழண்டவன்
17 மார்ச் 2024, மாலை 6:20

பேனா இருந்தா வாங்குற லிஸ்ட்ல "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்"னும் எழுதிக்கோங்க.

ஓம்விதி
17 மார்ச் 2024, மாலை 6:41

மூன்று கோர் ஒயர், குறைந்தது 0.75 சதுர மி.மீ., ஒரு கோர் பச்சையாகவோ பச்சை-மஞ்சளாகவோ இருக்க வேண்டும். ஐயாயிரத்தில் மிச்சம் இருந்தால் முதலில் அதை வாங்குங்கள். வாங்கிய கையோடு அதையும் அதே மாதிரி அளந்துவிட்டு, பிறகு சுவர் பிளக்கில் நியூட்ரல்-எர்த் எவ்வளவு என்று எழுதுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு.